பழைய சாமான் சிற்பம் பெயர்கிறதா, சாய்கிறதா, துருவேறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காயலான் கடையில் பொறுக்கிய இரும்பு, பரணில் கிடந்த தையல் மெஷின், பாட்டி காலத்துப் பித்தளைக் குடம், உடைந்த நாற்காலிக் கால் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் சிற்பம் செய்கிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. இரண்டு பொருள் சந்திக்கிற இணைப்பில். வடிவத்தைப் பற்றி நாள்கணக்கில் யோசிக்கிறோம். இணைப்பைக் கடைசி நேரத்தில் பசையிடமோ வெல்டரிடமோ விட்டுவிடுகிறோம். அப்புறம் அது பெயர்கிறது, விரிகிறது, களிம்பு ஏறுகிறது. பார்க்க ஒட்டாமல் தெரிவதற்குக்கூட அதே இணைப்புதான் பல நேரம் காரணம்.

உங்கள் சிற்பத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். எதையும் பிரிப்பதற்கு முன் மொபைலில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் நின்றது என்பது பிரித்தபின் நினைவில் நிற்காது.

ஒட்டிய துண்டு கையோடு வந்துவிடுகிறது

உடனே மறுபடி பசை தடவாதீர்கள். பெயர்ந்த இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்; காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பசை முழுக்க ஒரு பக்கமே தங்கி, மறுபக்கம் துடைத்த மாதிரி இருந்தால், அந்தப் பக்கம் பசையைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். எண்ணெய், கிரீஸ், மெழுகு, குரோம் முலாம் இவற்றில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. வண்டி உதிரி பாகங்களில் எண்ணெய் நன்றாக ஊறியிருக்கும், மேலோட்டமாகத் துடைத்தால் போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அசிட்டோனோ தின்னரோ தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். துணியில் கறை வராத வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு 80ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இன்னொரு முறை துடையுங்கள். அதற்குமேல் அந்த இடத்தில் விரல் படக்கூடாது. குரோம் என்றால் ஒட்டுகிற இடத்தில் முலாமைத் தேய்த்து எடுத்துவிடுவதுதான் வழி.

பசையோடு பழுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், நீங்கள் துருவின்மேல் ஒட்டியிருக்கிறீர்கள். பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, துரு இரும்பை விட்டுவிட்டது. கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் பசை இருந்து நடுவில் பிளந்திருந்தால், பசை முழுசாக இறுகவில்லை அல்லது தாங்கக்கூடியதைவிட அதிக எடையைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

சூப்பர் குளூ வகைகள் சின்னத் துண்டை அந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க நல்லவை. ஆனால் இறுகியபின் மொறுமொறுவென்று ஆகிவிடும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், விட்டுவிடும். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தப் பசையின் ஆவி. பசையைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒட்டினால் படியாது.

இரண்டு டியூபிலிருந்து எடுத்துக் கலந்து ஒட்டும் இபாக்ஸிப் பசை மறுநாளும் பிசுபிசுக்கிறதா? அளவு தவறியிருக்கிறது அல்லது சரியாகக் கலக்கவில்லை. மேலே இன்னொரு பூச்சு போட்டால் அடியில் இருப்பது இறுகாது. சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டு, டியூபில் சொல்லியிருக்கிற விகிதத்தில் எடுத்து, நிறம் ஒரே சீராகும்வரை ஓரங்களையும் வழித்துச் சேர்த்துக் கலக்குங்கள். ஐந்து நிமிட வகையைவிட மெதுவாக இறுகும் வகைக்குத்தான் பலம் அதிகம். ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

மார்கழியில் கெட்டியாக நின்றது சித்திரையில் மெல்ல நழுவுகிறது என்றால் வெயில்தான் காரணம். மொட்டைமாடியில் கறுப்பு இரும்பு வெயிலில் சாதாரணமாக 60 டிகிரியைத் தொட்டுவிடும். வீட்டு உபயோக இபாக்ஸி பலவும் அந்தச் சூட்டில் இளக ஆரம்பிக்கும். வெளியில் வைக்கும் சிற்பத்தில் எடையைப் பசையிடம் விடவே கூடாது.

பிளாஸ்டிக் மட்டும் எதிலும் ஒட்டமாட்டேன் என்கிறதா? ஒரு சின்னச் சீவலை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். வாளி, மக்கு, பாட்டில் மூடி, மோல்டட் நாற்காலி எல்லாம் இந்த வகை. அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று எண் இருக்கும். சாதாரணப் பசை எதுவும் இவற்றைப் பிடிக்காது. துளை போட்டுத் திருகுங்கள், கட்டுக்கம்பியால் தையுங்கள்.

உண்மையில் பசைக்குப் போவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பொருள் தன் பழைய வாழ்க்கையில் எதனோடு எப்படி இணைந்திருந்தது? சைக்கிள் பல்சக்கரத்தில் ஏற்கெனவே துளைகள் இருக்கின்றன. தையல் மெஷின் சக்கரத்துக்கு நடுவில் தண்டுக்கான துவாரம் இருக்கிறது. குழாய்த் துண்டுக்கு மரை இருக்கிறது, குடத்துக்கு விளிம்பு இருக்கிறது. அந்தத் துளையையும் மரையையும் விளிம்பையுமே பயன்படுத்துங்கள். கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி, மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிடுகிறார். கம்பி இணைப்பு என்பதால்தான் அந்த உலோகம் துணி மாதிரி மடிந்து விழுகிறது. பசையோ வெல்டிங்கோ இருந்தால் வெறும் தகடாக விறைத்து நின்றிருக்கும். சண்டிகரில் நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் தொடங்கி, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்தில் உடைந்த வளையலும் பீங்கானும் ஈரச் சிமெண்டில் பதிந்திருக்கின்றன. பளபளப்பான பீங்கானைப் பசை போட்டு மேலே ஒட்டுவதைவிடப் பாதி உடலை உள்ளே பதிப்பது எவ்வளவோ உறுதி.

வெல்டிங் விட்டுப்போகிறது

பற்றவைத்து முடித்து, ஆறும்போது டக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்திலேயே தலைமுடி அளவு விரிசல். வெல்டர்மேல் கோபப்படுவதற்கு முன் அது என்ன இரும்பு என்று பாருங்கள். பழைய தையல் மெஷின் உடம்பு, அதன் கால் ஸ்டாண்டு, பிரேக் டிரம், பழைய எடைக்கல் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் கரி (கார்பன்) 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். சூடேறிச் சட்டென்று ஆறும்போது பற்றவைத்த ஓரம் கடினமாகி உடையும்.

கண்டுபிடிக்க ஒரு டிரில் பிட் போதும். மறைவான இடத்தில் சின்னத் துளை போடுங்கள். சாதா இரும்பு என்றால் சுருள் சுருளாகச் சீவல் வரும். வார்ப்பிரும்பு என்றால் கறுப்பாகப் பொடி கொட்டும், விரலில் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி ஒட்டும். கிரைண்டரிலும் தெரியும்: சாதா இரும்பின் பொறி நீளமாக, பிரகாசமாகப் பறக்கும், வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பில் குட்டையாக அணைந்துவிடும்.

வார்ப்பிரும்பு என்று தெரிந்தால் முதல் தேர்வு போல்ட் போடுவதுதான். துளை போட நல்ல சாமான் அது. பற்றவைத்தே ஆகவேண்டும் என்றால் நிக்கல் வெல்டிங் ராடு, முன்கூட்டியே சூடு, 2, 3 செ.மீ. நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோடு, ஒவ்வொரு கோட்டையும் சுத்தியலால் மெல்லத் தட்டுதல், கடைசியில் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுதல் என்று வேலை நீளும். கேஸ் வைத்துப் பித்தளை வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இருந்தால் அது இன்னும் நல்லது.

பேரிங், ஸ்பிரிங் பட்டை, அரம் இவையும் கரி அதிகமுள்ள கடினமான எஃகு. பேரிங் குண்டை ஒரு புள்ளியில் பற்றவைத்தால் அன்றைக்கு நிற்கும், கீழே ஒரு முறை வைத்து எடுத்தால் தெறித்துவிடும். அதற்கு ஒரு வளையமோ கூடோ செய்து உள்ளே உட்காரவையுங்கள்.

எவர்சில்வரைச் சாதா இரும்போடு சேர்க்கிறீர்கள் என்றால் வழக்கமான ராடு வேண்டாம். 309 என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு வெவ்வேறு இரும்பைச் சேர்க்கத்தான் அது.

வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும்

இது சிற்பத்தில் தெரியாத, உடம்பில் தெரிகிற அறிகுறி. ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி, போல்ட் என்று துத்தநாக முலாம் பூசிய இரும்புகளைப் பற்றவைக்கும்போது வரும் வெள்ளைப் புகைதான் காரணம். சில மணி நேரம் கழித்துக் குளிர், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை என்று ஆரம்பிக்கும். பொதுவாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு இறுகினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். என்ன பற்றவைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை பற்றவைக்கிற இடத்தில் முலாமை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், புகைக்கு எதிர்ப்பக்கம் நின்று, புகைக்கான முகமூடியோடு வேலை செய்யுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது. பெட்ரோல் டேங்க், மூடிய டப்பா, வண்டியின் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் ஒருபோதும் நெருப்பு வைக்காதீர்கள், வெடிக்கும். பழைய பிரேக் டிரம்மை ஊதியோ அடித்தோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். டியூப் லைட், பேட்டரி இரண்டையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாய்கிறது, ஆடுகிறது, ஒரு துண்டு மட்டும் சுற்றிக்கொள்கிறது

வீட்டில் குழந்தை இருந்தால் இந்தத் தலைப்பை முதலில் முடியுங்கள். 60 செ.மீ. பலகை ஒன்றின்மேல் சிற்பத்தை நிறுத்தி, பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. தூக்குங்கள். ஏறக்குறைய 10 டிகிரி சாய்வு அது. யாராவது பக்கத்தில் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். நாலு பக்கமும் இப்படிச் சோதித்து, எந்தப் பக்கமாவது கவிழப் பார்த்தால் அடித்தளம் போதாது.

எவ்வளவு போதாது என்பதை அறிய, சிற்பத்தை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, அதே கயிற்றிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டையும் விட்டுப் படம் எடுங்கள். இன்னொரு புள்ளியிலிருந்து தொங்கவிட்டு, அதே பக்கமிருந்து மறுபடி படம். இரண்டு படத்திலும் நூல் போகிற கோட்டைச் சிற்பத்தின்மேல் குறித்தால், இரண்டும் வெட்டும் இடத்தில்தான் எடையின் மையம். சிற்பம் நிற்கும்போது அந்த மையத்துக்கு நேர் கீழே அடித்தளத்தின் நடுப்பகுதி வரவேண்டும். ஓரத்துக்குப் போகிறது என்றால் அடித்தளத்தை அந்தப் பக்கம் நீட்டலாம், எதிர்ப்பக்கம் எடை சேர்க்கலாம். அடியில் பிரேக் டிரம், ஃப்ளைவீல், கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டு எதுவும் நன்றாகப் பொருந்தும். டிரம்மும் ஃப்ளைவீலும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு என்பதை மட்டும் மறக்காமல் போல்ட் போடுங்கள்.

ஒற்றை போல்ட்டில் நிற்கும் துண்டு சுற்றத்தான் செய்யும். எவ்வளவு முறுக்கினாலும் நாளடைவில் தளரும். பக்கத்தில் இரண்டாவது துளை போட்டு ஒரு சின்னப் பின்னாவது செருகுங்கள். காற்றில் அதிர்கிற சிற்பத்துக்கு ஸ்பிரிங் வாசர் அல்லது நைலான் வளையம் வைத்த நட்டு வேண்டும்.

துரு வழிந்து தரையில் கறை

துருவின் நிறம் பிடிக்கிறது, கறை மட்டும்தான் தொல்லை என்றால், உதிர்கிற துருவை மட்டும் எடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் பொடி ஒட்டாத நிலைக்குக் கொண்டுவந்து, நன்றாகக் காயவைத்து, லேசாகச் சூடாக்கி மெழுகு தேயுங்கள். உதிரும் துருவின்மேல் கிளியர் லாக்கர் அடித்தால் அது துருவோடு சேர்ந்து தோல் தோலாக உரியும்.

கறுப்பு வேண்டும் என்றால் நம் ஊரிலேயே ஒரு அருமையான வழி இருக்கிறது. கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயத்தைத் துருவேறிய இரும்பின்மேல் பிரஷ்ஷால் தடவுங்கள். பழுப்பு நிறம் கண்முன்னே கருநீலமாகி, காயக் காயக் கறுத்துவிடும். கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கறுப்புச் சேர்மம் ஆகிறது. காளஹஸ்தி கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே முறையில்தான்: துணி கடுக்காயில் தோய்ந்திருக்கும், மை இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். இரும்பில் இரண்டு கை தடவிக் காயவைத்து, மேலே மெழுகோ லாக்கரோ போடுங்கள். வீட்டுக்குள் வைக்கும் சிற்பத்துக்கு இது போதும். கடற்கரைப் பக்கம் வெளியில் வைக்க இது மட்டும் தாங்காது; துருவை முழுக்க எடுத்து, பிரைமர், பெயின்ட் என்று போகவேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரே இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது என்றால் உள்ளே எங்கோ மழைநீர் தேங்குகிறது. குழாய், கிண்ணம் மாதிரியான பகுதியின் ஆக அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

பித்தளையில் களிம்பு, எவர்சில்வரில் பழுப்புப் புள்ளி

ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தைச் சுற்றி மட்டும் பச்சை என்றால், பற்றவைக்கும்போது போட்ட அமிலம் கழுவப்படாமல் இருக்கிறது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். புளி போட்டுப் பளபளப்பாக்கியவர்களும் அதே அளவு கவனமாகக் கழுவவேண்டும். மிஞ்சிய புளிப்பு மறுபடி களிம்பைக் கொண்டுவரும்.

பித்தளைக் குடத்தில் அடித்த இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் அரித்துப்போகிறது என்றால், இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து சின்ன பேட்டரியாக வேலை செய்கின்றன. அதில் இரும்புதான் கரையும். பெரிய பித்தளைக்குச் சின்ன இரும்பு ஆணி மிக மோசமான ஜோடி. பித்தளை ஸ்க்ரூவே போடுங்கள். பெரிய இரும்போடு பித்தளையைச் சேர்க்கும்போது நடுவில் நைலான் வாசர் வைத்தால் நல்லது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூப்பதும் இதே கதைதான்.

எவர்சில்வரில் பழுப்புப் புள்ளி வந்தால் பெரும்பாலும் அது பாத்திரத்தின் துரு இல்லை. சாதா இரும்பை அறுத்த டிஸ்க்கையோ பிரஷ்ஷையோ அதில் போட்டிருப்பார்கள், அந்த இரும்புத் துகள்தான் துருவேறுகிறது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். இனி எவர்சில்வருக்கென்று தனி டிஸ்க் வையுங்கள்.

மரத்திலிருந்து மாவு கொட்டுகிறது

அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதிதாக மாவு விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் பழைய துளைதான், கவலை இல்லை. சின்னத் துண்டு என்றால் பாலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் போதும். பெரிய துண்டுக்கு மரப் பாதுகாப்பு மருந்தைத் துளைக்குள் ஊசியால் செலுத்தவேண்டும். எதுவானாலும் மற்ற மரங்களிலிருந்து அன்றைக்கே பிரித்து வையுங்கள்.

பழைய பொம்மை, ரெக்ஸின், ரப்பர் இவை பிசுபிசுப்பதற்கும் பொடிவதற்கும் நிரந்தர மருந்து கிடையாது. அந்தத் துண்டைக் கழற்றி மாற்றும்படி இணைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கெட்டியாக நிற்கிறது, ஆனாலும் சாமான் குவியலாகத்தான் தெரிகிறது

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான பழுது. உடைந்ததைச் சேர்த்துவிடலாம், இதைச் சரிசெய்யச் சேர்த்ததை எடுக்கும் மனசு வேண்டும்.

சிற்பத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் விளக்கு வைத்து, நிழலுருவத்தை மட்டும் பாருங்கள். ஒரு வடிவம் தெரிகிறதா, ஓரமெல்லாம் பிசிறாக இருக்கிறதா? பிசிறு என்றால் எந்தத் துண்டை எடுத்தால் கோடு தெளிகிறது என்று ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். 1942இல் பிக்காசோ காளைத் தலை செய்ய எடுத்தது இரண்டே பொருள்: ஒரு சைக்கிள் சீட், ஒரு ஹேண்டில்பார். மூன்றாவது ஏதாவது சேர்ந்திருந்தால், அந்தச் சீட் ஒரே நேரத்தில் சீட்டாகவும் முகமாகவும் தெரிகிற அதிசயம் போயிருக்கும்.

துண்டுகள் நிறையத் தேவைதான் என்றால் அவற்றை ஏதாவது ஒன்று கட்டிப்போடவேண்டும். அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் மரக் கழிவுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, முழுக்க ஒரே கறுப்பு அடித்தார். நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1958ஆம் ஆண்டு ‘ஸ்கை கதீட்ரல்’ அப்படிப்பட்டது. நிறம் ஒன்றானதும் கண் பொருளை விட்டுவிட்டு நிழலைப் படிக்க ஆரம்பிக்கிறது. இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களால் செய்த பிரம்மாண்டமான மண்டையோட்டில் கட்டிப்போடுவது ஒரே வகைப் பொருள். நிறமும் பல, பொருளும் பல, அளவும் பல என்றால் குவியல்தான் மிஞ்சும். மூன்றில் ஒன்றையாவது ஒன்றாக்குங்கள்.

பார்க்கிற எல்லோரும் ‘அட, ஸ்பேனர்!’ என்று துண்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றால், அந்தத் துண்டு தன் பழைய வேலையை இன்னும் விடவில்லை. தலைகீழாகத் திருப்புங்கள், பாதியை மறையுங்கள், பக்கவாட்டு முகத்தைக் காட்டுங்கள். நட்டு வைத்துக் கண், ஸ்பிரிங் வைத்துக் கை என்று உறுப்புக்கு உறுப்பு பொருள் தேடினால் ரோபோ பொம்மைதான் வரும். உடம்பின் அசைவை ஒரே ஒரு நீளமான துண்டில் பிடித்துவிட்டு, கண்ணைச் செய்யாமலே விட்டுப்பாருங்கள்.

இணைப்புகளையும் பாருங்கள். எம்-சீல் உருண்டையும் வெல்டிங் கட்டியும் எல்லா இடத்திலும் பிதுங்கி நின்றால் கண் அங்கேயே தடுக்கும். பிதுங்கியதை அரத்தால் வழித்து எடுங்கள். முடிந்த இடத்தில் அந்த இணைப்பையே பிரித்து, பொருளிலேயே இருக்கும் துளையிலோ மரையிலோ உட்காரவையுங்கள். பழைய இடத்தில் புதிய துணை வந்து பொருந்தும்போது அது வேறு மாதிரி நிற்கும், பார்க்கிறவருக்கும் ஏன் இது இங்கே என்று கேட்கத் தோன்றாது.

அப்படியும் பிடிபடவில்லையென்றால் முழுக்கப் பிரித்துவிட்டு, இந்த முறை எதையும் ஒட்டாமல், பற்றவைக்காமல், கட்டுக்கம்பியால் மட்டும் கட்டி நிறுத்துங்கள். தினமும் கடந்துபோகிற இடத்தில் சில நாள் இருக்கட்டும். போகிறபோது வருகிறபோது எந்தத் துண்டின்மேல் கை தானாகப் போய் அதை நகர்த்துகிறதோ, அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பற்றவைக்கக் கொண்டுபோங்கள்.